விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு வந்தாச்சு, இனி கணினியை எப்படிப் பார்த்துக்கொள்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் தருவதை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும், இன்டெல் ப்ராசசர் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. அதற்குக் கீழே உள்ள, ஆனால் இன்னும் நன்றாக ஓடுகிற கணினிகள் கோலாலம்பூரில் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. அப்படிப்பட்ட பல கணினிகளில், செந்தூலிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் தெரிந்தவர்கள் வீடுகளில், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். போட்ட பிறகு வருகிற கேள்விகளைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் மின்ட் 22-ஐ வைத்து எழுதியவை, உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகைக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

லினக்ஸில் வைரஸே வராதாமே, அப்புறம் எதற்குக் கவலை?

வரும். வீட்டுக் கணினிகளைக் குறிவைத்து எழுதப்படும் தீநிரல்களில் பெரும்பகுதி இன்னமும் விண்டோஸுக்காக எழுதப்படுகிறது, அதனால் நமக்குத் தொல்லை குறைவு, அவ்வளவுதான். லினக்ஸில் ஓட்டையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2022 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனத்தார் 'ப்வன்கிட்' என்று ஒரு ஓட்டையை வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ் வகைகளிலும் இருக்கும் ஒரு சிறிய நிரலில், 2009-இலிருந்தே அது யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது. கணினியில் சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் எவரும் அதன் வழியாக முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ள முடிந்தது. செய்தி வெளியான கையோடு உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகள் திருத்தத்தைக் கொடுத்துவிட்டன. ஆனால் அந்தத் திருத்தம் அப்டேட் பொத்தானை அழுத்தியவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேர்ந்தது.

சரி, ஆண்டிவைரஸ் போடணுமா?

வீட்டு உபயோகத்துக்குத் தேவையில்லை. கிளாம்ஏவி என்று இலவசமாக ஒன்று இருக்கிறது, அது பெரும்பாலும் விண்டோஸ் வைரஸ்களைத்தான் தேடும். பள்ளியிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ பென்டிரைவ் போய் வருகிற வீடு என்றால், அடுத்தவர் கணினிக்கு நோயைச் சுமந்துபோகாமல் இருக்க அதை வைத்துக்கொள்ளலாம்.

அப்டேட் எத்தனை நாளுக்கு ஒருமுறை? எல்லாவற்றையும் போட வேண்டுமா?

திரையின் வலது கீழ் மூலையில் ஒரு கேடயச் சின்னம் இருக்கும், அதுதான் அப்டேட் மேனேஜர். அதில் புள்ளி தெரிந்தால் ஏதோ காத்திருக்கிறது என்று அர்த்தம். வாரத்துக்கு ஒருமுறையாவது திறந்து எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள், பிரவுசருக்கான அப்டேட் வந்தால் வாரக் கடைசி வரை காத்திருக்காதீர்கள், ஏனென்றால் வெளியுலகத்தோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பது பிரவுசர்தான். போட்டு முடித்தபின் பிரவுசரை மூடித் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பழையதுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

மறந்துவிடுவோம் என்கிறவர்கள் அதே அப்டேட் மேனேஜரின் 'ப்ரிஃபரன்சஸ்' பகுதிக்குள் 'ஆட்டோமேஷன்' என்பதைத் திறந்து, தானாகவே அப்டேட் ஆகும்படி வைத்துவிடலாம். வயதானவர்கள் கணினியில் நான் கட்டாயம் இதைச் செய்துவிடுவேன். ஃபிளாட்பேக் (எல்லா லினக்ஸ் வகைகளிலும் ஓடும் பொதுவான செயலிப் பொதி) முறையில் போட்ட செயலிகளுக்கும் அங்கேயே சேர்ந்து அப்டேட் வரும்.

விண்டோஸ் மாதிரி வேலைக்கு நடுவில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. இதைப் பலரும் விரும்புகிறார்கள், எனக்கும் பிடிக்கும், ஆனால் இதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்கு அப்டேட் வந்திருந்தால் ரீஸ்டார்ட் செய்யும்வரை பழைய கெர்னல்தான் ஓடும், அதில் இருக்கும் ஓட்டையும் அப்படியே இருக்கும். லேப்டாப்பை மூடி மூடித் திறந்துகொண்டு மாதக்கணக்கில் அணைக்காமலே வைத்திருப்பவர்கள் நிறைய. ரீஸ்டார்ட் செய்யச் சொல்லிச் செய்தி வந்தால் அன்றிரவே செய்துவிடுங்கள்.

அப்புறம் நம் ஊர் மாலை நேர இடி மின்னல். மேசைக் கணினியில் அப்டேட் ஓடும்போது மின்சாரம் டிரிப் ஆனால் மென்பொருள் பாதி நிறுவிய நிலையில் நின்றுவிடும். பெரும்பாலும் சரிசெய்துவிடலாம், கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலில் 'sudo dpkg --configure -a' என்று ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனாலும் வானம் கறுத்திருக்கும்போது ஆரம்பிக்காமல் காலையில் செய்வது நல்லது. யூபிஎஸ் ஒன்று வாங்கி வைத்தால் அப்டேட்டுக்கு மட்டுமல்ல, ஹார்ட்டிஸ்குக்கும் நல்லது.

இந்த மின்ட் எத்தனை வருஷத்துக்குத் தாங்கும்?

மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு, மின்ட் 21-க்கு 2027 வரை. மின்ட் 20 வைத்திருப்பவர்களுக்கு 2025 ஏப்ரலோடு முடிந்துவிட்டது, உடனே மாறுங்கள். உபுண்டு போடுவதென்றால் பெயரில் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) என்று இருப்பதைத்தான் எடுக்க வேண்டும், அதற்கு ஐந்து வருட ஆதரவு. எல்டிஎஸ் அல்லாதவற்றுக்கு ஒன்பது மாதம்தான். ஃபெடோரா நன்றாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு வெளியீடும் பதின்மூன்று மாதம் போலத்தான் ஓடும், ஆகவே வருடம் ஒருமுறையாவது மேலேறத் தயாராக இருப்பவர்களுக்குத்தான் அது.

தேவையான மென்பொருளை எங்கிருந்து எடுப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

விண்டோஸில் நமக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. ஏதாவது வேண்டுமென்றால் கூகுளில் தேடுவோம், முதலில் வருகிற தளத்துக்குப் போவோம், பச்சை நிற டவுன்லோட் பொத்தானை அழுத்துவோம், வந்ததை இரட்டைச் சொடுக்கு சொடுக்குவோம். லினக்ஸுக்கு வந்த பிறகும் இந்தப் பழக்கம் தொடர்ந்தால் லினக்ஸின் பாதுகாப்பில் பாதி போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மென்பொருளுக்கு ஒரு களஞ்சியம் இருக்கிறது. அதில் இருப்பதை மின்ட், உபுண்டு, டெபியன் ஆட்கள் தொகுத்து, கையொப்பமிட்டு வைத்திருக்கிறார்கள், வழியில் யாராவது மாற்றியிருந்தால் உங்கள் கணினி அதை ஏற்காது. முதலில் 'சாஃப்ட்வேர் மேனேஜர்' திறந்து அங்கே தேடுங்கள். லிப்ரே ஆஃபீஸ், விஎல்சி, ஜிம்ப், ஆடாசிட்டி எல்லாம் அங்கேயே இருக்கின்றன.

அதில் இல்லாவிட்டால் ஃபிளாட்பேக் செயலிகளுக்கான கடையான ஃபிளாட்ஹப். அங்கே ஒரு செயலியை அதை எழுதியவர்களே போட்டிருக்கிறார்களா, வேறு யாரோ போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சரிபார்க்கப்பட்டது என்ற அடையாளம் இல்லாத ஃபிளாட்பேக்குகளை மின்ட் 22 முதலிலேயே காட்டாமல் மறைத்துவிடுகிறது. அந்த அமைப்பை மாற்றாமல் விடுங்கள்.

அதிகாரபூர்வமான கடை என்பதாலேயே கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவும் முடியாது. உபுண்டுவின் ஸ்னாப் கடையில் 2024 பிப்ரவரியில் எக்சோடஸ் என்ற கிரிப்டோ வாலட்டின் பெயரில் போலி ஒன்று கிடந்தது. அதை நம்பித் தன் ரகசியச் சொற்றொடரைத் தட்டிய ஒருவர் ஒன்பது பிட்காயின் அளவுக்கு இழந்தார். ஆர்ச் லினக்ஸ் பயனர்களே பொதிகளைப் பதிவேற்றும் ஏயூஆர் களஞ்சியத்தில் 2025 ஜூலையில் ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரவுல்ஃப், சென் பிரவுசர்களுக்கான 'திருத்தம்' என்ற பெயரில் மூன்று பொதிகள் வந்தன. உள்ளே இருந்தது கணினியைத் தொலைவிலிருந்து ஆட்டிப்படைக்கும் தீநிரல். இரண்டு நாளில் நீக்கிவிட்டார்கள், ஆனால் அதற்குள் போட்டவர்கள் போட்டவர்கள்தான். இரண்டு இடத்திலும் ஏமாற்றப் பயன்பட்டது நமக்குத் தெரிந்த ஒரு பெயர். பணம் தொடர்பான எதையும் கடைத் தேடலில் எடுக்காமல், அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போய், அவர்கள் எங்கே எடுக்கச் சொல்கிறார்கள் என்று பார்த்து எடுங்கள்.

சில நிறுவனங்கள் மின்ட், உபுண்டுக்கான நிறுவல் கோப்பை டெப் கோப்பாகத் தருவார்கள். கூகுள் குரோம் அப்படிப் போட்டால் தன் களஞ்சியத்தையும் சேர்த்துக்கொள்ளும், அடுத்தடுத்த அப்டேட்டுகள் மற்றவற்றோடு சேர்ந்தே வரும். எல்லா டெப் கோப்புகளும் அப்படியில்லை. போட்ட நாளில் இருந்த நிலையிலேயே வருடக்கணக்கில் கிடப்பவை உண்டு. அப்படி ஏதாவது போட்டிருந்தால் நீங்களேதான் அவ்வப்போது போய்ப் பார்க்க வேண்டும். பிபிஏ, அதாவது தனி ஆட்கள் நடத்தும் களஞ்சியம், சேர்ப்பதிலும் யோசனை வேண்டும், ஏனென்றால் அதை நடத்துபவருக்கு உங்கள் கணினியில் எதையும் நிறுவும் அதிகாரத்தைக் கொடுக்கிறீர்கள்.

கிராக் செய்த விண்டோஸ் மென்பொருளை, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் ஒயின் வழியாக ஓட்டலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். வேண்டாம். ஒயின் ஒரு பாதுகாப்புச் சுவர் கிடையாது. அதில் ஓடும் நிரல் உங்கள் ஆவணங்களையும் படங்களையும் தாராளமாகப் பார்க்க முடியும், பூட்டிவைத்துப் பணம் கேட்கவும் முடியும்.

யூடியூபில் ஒருவர் இந்தக் கட்டளையை ஒட்டினால் சரியாகிவிடும் என்கிறார். ஒட்டலாமா?

அதில் சூடோ (sudo) என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அந்த வரி உங்கள் கணினியில் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடுவது மாதிரிதான். இணையத்திலிருந்து ஒரு கோப்பை இழுத்து அப்படியே ஷெல்லுக்குள் (கட்டளைகளை ஓட்டும் நிரலுக்குள்) தள்ளுகிற கட்டளை என்றால் இன்னும் கவனம், அந்தக் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று நீங்கள் பார்க்கவே இல்லை. ஏஐ செயலி எழுதிக் கொடுத்த கட்டளைக்கும் இதே விதி.

இணையப் பக்கத்திலிருந்து நகலெடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத வரிகளும் சேர்ந்து வரும்படி செய்ய முடியும். ஆகவே முதலில் ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் ஒட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று தெரியவில்லை என்றால் தெரிந்த ஒருவருக்கு வாட்சப்பில் அனுப்பிக் கேளுங்கள். அவசரப்பட்டு ஒட்ட வேண்டிய கட்டளை என்று ஒன்று வீட்டுக் கணினியில் கிடையாது.

லினக்ஸுக்குள்ளேயே யாரோ பின்கதவு வைத்தார்கள் என்று படித்தேனே?

எக்ஸ்இசட் விவகாரம். கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன நிரல் நூலகம் அது, அதைப் பராமரித்து வந்தவர் தனி ஆள். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து, இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பையும் வாங்கிக்கொண்டு, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவை நுழைத்துவிட்டார். அந்தப் பெயருக்குப் பின்னால் யார் என்று பொதுவெளியில் உறுதியாகவில்லை. 2024 மார்ச் கடைசியில் ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) வழியாக உள்ளே போக அரை நொடி கூடுதலாக எடுக்கிறதே என்று நோண்டப்போய் இதைக் கண்டுபிடித்தார்.

பயமுறுத்தும் கதைதான். ஆனால் டெபியனின் சோதனைக் கிளைகள், ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்புகள் போன்ற புத்தம் புதிய பதிப்புகளுக்குத்தான் அது போயிருந்தது, டெபியனின் நிலையான பதிப்புக்கோ மின்ட்டுக்கோ வரவில்லை. நிலையான பதிப்புகள் கொஞ்சம் பழையதாக இருக்கின்றன என்று குறைபட்டுக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். வீட்டுக் கணினிக்குப் புத்தம் புதிய பதிப்பு வேண்டாம், பாதுகாப்புத் திருத்தம் ஒழுங்காக வருகிற பழைய பதிப்பு போதும்.

ஃபயர்வால் ஏற்கெனவே ஓடுகிறதா?

இல்லை. கணினியில் இருக்கும், ஆனால் அணைத்து வைத்திருப்பார்கள். மெனுவில் 'ஃபயர்வால்' என்று தட்டி, திறந்து, ஸ்விட்சைப் போட்டால் முடிந்தது. உள்ளே வருவது தடை, வெளியே போவது அனுமதி என்ற அமைப்பை அப்படியே விடலாம். மாமாக் சாப்பாட்டுக் கடை வைஃபையிலும், அறை வாடகைக்கு எடுத்துப் பலர் ஒரே இணைப்பைப் பகிரும் காண்டோக்களிலும் இது அவசியம். பிரிண்டரோ வீட்டுக்குள் கோப்புப் பகிர்வோ நின்றுபோனால் அதற்கு மட்டும் ஒரு விதி சேர்த்தால் போதும். கூடவே வீட்டு ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள், பெட்டியின் அடியில் ஒட்டியிருப்பதே பல வீடுகளில் இன்னமும் ஓடுகிறது.

லேப்டாப் திருடு போனால்?

கணினிக்குள் நுழையும் கடவுச்சொல் மட்டும் காப்பாற்றாது, டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் எல்லாம் தெரியும். மின்ட் நிறுவும்போதே முழு டிஸ்கையும் குறியாக்கம் செய்யும் தேர்வு வரும், லேப்டாப்புக்கு அதைக் கட்டாயம் போடுங்கள். ஏற்கெனவே போடாமல் நிறுவியிருந்தால், கோப்புகளைப் பத்திரப்படுத்திவிட்டு மறுபடி நிறுவுவதுதான் எளிய வழி. அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் லோ யாட்டில் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது, ஆகவே ஒரு தாளில் எழுதி வீட்டில் பீரோவுக்குள் வையுங்கள். மற்ற கடவுச்சொற்களுக்கு கீபாஸ்எக்ஸ்சி அல்லது பிட்வார்டன் என்ற கடவுச்சொல் பெட்டகச் செயலியை வைத்துக்கொள்ளலாம்.

வங்கிக் கணக்கு, வருமான வரி, கேடபிள்யூஎஸ்பி (ஊழியர் சேமநிதி) எல்லாம் ஓடுமா? பயமில்லையா?

பிரவுசரில் நடப்பதுதானே, ஓடும். லினக்ஸ் என்பதால் அதில் கூடுதல் ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் லினக்ஸ் என்பதால் மோசடிக்காரர்களிடமிருந்து தப்பிவிடுவோம் என்றும் நினைக்காதீர்கள். போலி வங்கித் தளம் எந்தக் கணினியிலும் ஒரே மாதிரிதான் திறக்கும். வங்கி முகவரியை புக்மார்க் செய்து அதிலிருந்து மட்டும் போங்கள், வாட்சப்பில் வந்த இணைப்பிலிருந்து போகாதீர்கள். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைப் போட்டால் 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று கத்துகிற விளம்பரங்கள் பெரும்பாலும் வராது. போலீஸ் என்றும் நீதிமன்றம் என்றும் சொல்லி யாராவது அழைத்து, திரையைப் பகிரும் செயலியைப் போடச் சொன்னால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் 997-ஐ அழையுங்கள், அது தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண். வங்கிக்கும் சொல்லுங்கள்.

டைம்ஷிஃப்ட் இருக்கிறதே, அப்படியென்றால் பேக்கப் ஆகிவிட்டது இல்லையா?

ஆகவில்லை. இந்தக் குழப்பத்தால் குடும்பப் படங்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். டைம்ஷிஃப்ட் கணினியின் அமைப்பை மட்டும்தான் படம்பிடித்து வைக்கிறது. உங்கள் ஹோம் கோப்புறையை, அதாவது படங்களையும் ஆவணங்களையும், அது தானாகத் தொடாது. ஒரு அப்டேட்டுக்குப் பிறகு ஏதாவது கெட்டுப்போனால் நேற்றைய நிலைக்குத் திரும்பத்தான் அது. அந்த வேலைக்கு மிக அருமையானது, தினமும் ஒன்று, வாரம் ஒன்று என்று அமைத்துவிடுங்கள், ஆனால் எண்ணிக்கையைக் குறைவாக வையுங்கள், இல்லையென்றால் டிஸ்க் நிரம்பிவிடும்.

உங்கள் கோப்புகளுக்குத் தனியாக வெளி ஹார்ட்டிஸ்க் வேண்டும். டேஜா டூப் என்ற செயலியை சாஃப்ட்வேர் மேனேஜரில் எடுத்து, எந்தக் கோப்புறை, எங்கே, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று சொல்லிவிட்டால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். பேக்கப் முடிந்ததும் டிஸ்கைக் கழற்றி வைக்க வேண்டும், செருகியே வைத்திருந்தால் கணினிக்கு வருகிற மின்னலும் தீநிரலும் அதற்கும் வரும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கீழ்மாடி முழுக்க மூழ்கிய வீடுகள் எத்தனை என்று நமக்குத் தெரியும். கணினியும் பேக்கப் டிஸ்கும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். இன்னொரு நகல் அக்கா வீட்டிலோ தம்பி வீட்டிலோ இருக்கட்டும். வருடத்துக்கு இரண்டு முறையாவது அதிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துப் பாருங்கள், திறக்கிறதா என்று.

கிளீனர், டிஃப்ராக் மாதிரி என்ன போடுவது?

எதுவும் வேண்டாம். எஸ்எஸ்டிக்குத் தேவையான ட்ரிம் வேலை வாரம் ஒருமுறை தானாக நடக்கிறது. இடம் குறைந்தால் டைம்ஷிஃப்ட் படங்களையும் டவுன்லோட்ஸ் கோப்புறையையும் பாருங்கள், அப்டேட் மேனேஜரில் பழைய கெர்னல்களைத் தானாக நீக்கும் தேர்வையும் போட்டுவிடுங்கள். ஆனால் ஒரு பழைய கெர்னலாவது இருக்க வேண்டும், ஏன் என்று கடைசிப் பதிலில் சொல்கிறேன்.

செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்கிறார்கள்...

கணினி தொடங்கும்போது கையொப்பமுள்ள நிரல்களை மட்டும் ஓடவிடும் காவல்தான் செக்யூர் பூட். மின்ட்டும் உபுண்டுவும் அதோடு ஓடும், காரணமில்லாமல் அணைக்காதீர்கள். விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் வைத்திருந்த பலருக்கு 2024 ஆகஸ்டில் விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்தபின் லினக்ஸ் திறக்காமல் போனது உண்மை. அந்த மாதிரி நேரத்தில் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸை அப்டேட் செய்துவிட்டு மறுபடி போடலாம். பயாஸுக்கான திருத்தங்களும் பல லேப்டாப்புகளுக்கு லினக்ஸ் வழியாகவே வருகின்றன. அதைப் போடும்போது சார்ஜரைச் செருகியிருங்கள்.

தமிழில் தட்டச்சு செய்ய எதையாவது டவுன்லோட் செய்ய வேண்டுமா?

வெளித் தளம் எதற்கும் போக வேண்டாம். களஞ்சியத்திலேயே ஐபஸ் எம்17என் என்ற பொதி இருக்கிறது, தமிழ்99 விசைப்பலகை அதில் உண்டு. நோட்டோ தமிழ் எழுத்துருவும் அங்கேயே கிடைக்கும்.

அப்பாவுக்குக் கணினி கொடுக்கிறேன், எதையாவது அழித்துவிடுவாரோ?

அவருக்கு நிர்வாக உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். தானியங்கி அப்டேட், ஃபயர்வால், யூபிளாக், டைம்ஷிஃப்ட் நான்கையும் போட்டுக் கொடுங்கள். அவர் தன் கோப்புகளை அழிக்கலாமே தவிர கணினியின் அமைப்பை அசைக்க முடியாது.

ஒருநாள் கணினி திறக்கவே இல்லை என்றால்?

பதறி மறுபடி நிறுவிவிடாதீர்கள். கணினி தொடங்கும்போது ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது எஸ்கேப்பை ஓரிரு முறை தட்டுங்கள். எதைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் பட்டியல் வரும். அதில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' உள்ளே பழைய கெர்னல் தெரியும், அதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் திறந்துவிடும். பழைய கெர்னல் ஒன்றாவது இருக்கட்டும் என்றது இதற்காகத்தான். அதுவும் நடக்கவில்லை என்றால் மின்ட் நிறுவிய அதே யூஎஸ்பியைச் செருகி அதிலிருந்து தொடங்குங்கள். அதில் டைம்ஷிஃப்ட் இருக்கிறது, உங்கள் டிஸ்கைக் காட்டினால் அது எடுத்து வைத்த பழைய நிலைகளைப் பட்டியலிடும், ஒன்றைத் தேர்ந்து மீட்கலாம். கோப்புகளை வெளி டிஸ்குக்கு நகலெடுக்கவும் அதே யூஎஸ்பி போதும்.

யூஎஸ்பி தொலைந்திருந்தால் புதிதாக இறக்கும் ஐஎஸ்ஓ (நிறுவல்) கோப்பின் எஸ்எச்ஏ256 என்ற சரிபார்ப்பு எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், தளத்தில் இருக்கும் கையொப்பத்தையும் சரிபார்ப்பது இன்னும் உறுதி. 2016 பிப்ரவரியில் மின்ட் தளத்தையே உடைத்து, 17.3 சினமன் பதிப்புக்கான இணைப்பைப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓ பக்கம் திருப்பிவிட்டார்கள். ஒருநாளுக்குள் பிடித்துவிட்டார்கள், ஆனால் அன்று இறக்கிச் சரிபார்க்காமல் நிறுவியவர்கள் கணினியில் பின்கதவும் சேர்ந்தே ஏறியது.

யாரிடமாவது உதவி கேட்கப் போகிறீர்கள் என்றால் திரையில் வந்த பிழைச் செய்தியைக் கைப்பேசியில் படம் எடுத்து, கடைசியாக என்ன போட்டீர்கள், எதை மாற்றினீர்கள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள்.